வத்தல் களத்தில் ஒரு அணுக்கரு

எனக்குப் பொறுமை கிடையாது, ஊரே சொல்லும். அப்படிப்பட்டவள் போயும் போயும் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்காரும் ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்டேன். எல்லாம் தலையெழுத்து!

வேலை இதுதான். வெளிநாட்டில் ஒரு முடுக்கி இயந்திரத்தில் அணுக்கருக்களை அசுர வேகத்தில் ஏவுவார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் போட்டோ பிலிம் மாதிரி தடிமனாக ஒரு படலம் பூசியிருக்கும். ஏவிய அணுக்கரு அதற்குள் பாய்ந்து, அங்கிருக்கும் இன்னொரு அணுக்கருவில் மோதிச் சிதறும். துண்டுகள் ஓடிய தடமெல்லாம் கறுப்புக் கோடாகப் பதியும். தகட்டைக் கழுவி எங்களுக்கு அனுப்புவார்கள். அப்படிச் சிதறிய இடத்துக்கு நாங்கள் வைத்த பேர் ஸ்டார். ஸ்டாரைத் தேடிப்பிடித்து, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் போனது, அதன் மின்சுமை என்ன என்று அளப்பது என் பாடு. ராமநாதபுரத்தில் நான் பாடம் நடத்திய கல்லூரியில் இதற்கென்று ஒரு மூலை அறை கொடுத்திருந்தார்கள். எண்பதுகளின் கடைசி அது.

முதுகுளத்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் மிளகாய் போட்டுக்கொண்டிருந்த அய்யாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஒடைக்கிறவன் எவனோ, பொறுக்குறது எம்மகளா?" என்று சிரித்தார்.

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. ஒரு அருமையான ஸ்டார் கிடைத்திருந்தது. லேசான உரசல்தான். எதிரே இருந்தது அசையவில்லை, வந்தது மட்டும் சுக்குநூறாகி, விளக்குமாற்றுக் குச்சிகள் மாதிரி முன்னால் விரிந்திருந்தது. இப்படி உடைந்தால் துண்டுகளின் மின்சுமையைக் கூட்டும்போது வந்த அணுக்கருவின் மின்சுமை அப்படியே வர வேண்டும். எனக்கு ஒன்று குறைந்தது. எத்தனை முறை பார்த்தாலும் ஒன்று குறைந்தது. "துண்டைக் கண்டுபிடி. இல்லையென்றால் அந்த ஸ்டாரை ஆய்வேட்டிலிருந்து தூக்கிவிடு" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். தூக்கினால் ஆய்வேட்டில் மிஞ்சுவது சப்பென்றிருக்கும். சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி பேசினால்கூட எரிந்து விழுந்தேன்.

பங்குனியில் யாரும் கேட்காத ஒரு மழை கொட்டியது. மூலை அறை ஒழுகியது. தகட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப் போனேன். பஸ் ஜன்னலிலும் சாரல். வீட்டுக்குள் நுழையும்போதே, "அய்யா, இதுல ஈரம் பட்டா எம்பொழப்பே போச்சு, யாரும் கிட்ட வராதீங்க" என்று கத்தினேன். "அந்த ஒண்ணு கெடச்சுச்சா?" என்றார் அவர், முன்பு நான் புலம்பியதை நினைவில் வைத்து. "கெடைக்கல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. பேராசிரியருக்குப் போன் பேச முதுகுளத்தூர் போனேன். லைன் கிடைத்துத் திரும்புவதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. களத்தில் நனைந்த மிளகாய் வத்தலைப் பரப்பித் துழாவிக்கொண்டிருந்தார் அய்யா. நனைந்ததைக் காயப்போடாவிட்டால் வத்தல் வெளுத்துப் பூசணம் பிடித்துவிடும். எங்கள் ஊரில் நனைந்தது எதுவானாலும், தலையணையானாலும் பள்ளிக்கூடப் புத்தகமானாலும், களத்துக்குத்தான் வரும்.

வத்தலுக்குப் பக்கத்தில் வேட்டியை விரித்து அதன்மேல் என் தகடு.

"சுத்துன துணி ஈரமா இருந்துச்சு தாயி. நல்லவேள, பாத்தேன்" என்றார் பெருமையாக.

படலம் வெடித்துச் சுருண்டு கண்ணாடியை விட்டுப் பெயர்ந்திருந்தது. பாதியைக் காற்று வத்தலுக்குள் அடித்திருந்தது. நான் என்ன பேசினேன் என்று இப்போது எழுத மனசு வரவில்லை. அப்பனைப் பேசக்கூடாத பேச்சு. மிச்சத் தகட்டோடு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மிச்சத்தில் அந்த ஸ்டார் இல்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. பாடம் நடத்தினேன், சாப்பிட்டேன், ஊருக்கு மட்டும் போகவில்லை.

சில நாள் கழித்துக் கல்லூரி வாசலில் அய்யா நின்றார். சலவைச் சட்டை, கையில் ஒரு மாத்திரை டப்பா. களத்து வத்தலையெல்லாம் முறத்தில் போட்டுப் புடைத்து, விதைகளுக்கு நடுவிலிருந்து படலச் சில்லுகளைப் பொறுக்கி எடுத்திருந்தார். கண் இரண்டும் நெடியில் சிவந்திருந்தன. நான் "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனேன். பின்னாலேயே வந்து ஓரமாக நின்றார்.

ஒவ்வொரு சில்லாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் அந்த ஸ்டார் இருந்தது! ஆனால் கோடுகள் நெளிந்து முறுக்கிக் கிடந்தன. அந்தச் சில்லில் எந்தக் கோணத்தையும் அளக்க முடியாது. ஆய்வேட்டில் அதற்கு இனி இடமில்லை, அவ்வளவுதான்.

"நான் பாக்கலாமா?" என்றார்.

நகர்ந்து இடம் கொடுத்தேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "தாயி, இது நான் ஒடைச்சதா?"

"இல்லைய்யா. இது இங்கன வர்றதுக்கு முன்னாடியே ஒடஞ்சது. ஒடஞ்சதாலதான் தேடுனேன்."

பெருமூச்சு விட்டார். மறுபடியும் குனிந்து கண்ணை வைத்தார்.

"அந்தக் கொறையுற ஒண்ணும் களத்துலதான் கெடக்கும். நாளைக்கு இன்னொருக்கா பொடச்சுப் பாக்குறேன்" என்றார்.