விரிய மறுத்த இதயம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கை வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டு நினைவுக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். மூன்று முறை எழுத உட்கார்ந்து, மூன்று முறையும் அழுதுவிட்டு எழுந்தேன்.

அண்ணன் பிறந்தது ஏற்காடு மலையில், நாகலூரில். எங்கள் பெற்றோர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். அப்பா காய்ச்சலில் இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. அடைமழையில் வேலை இல்லாத நாட்களில் ஒரு வேளைக் கூழ்தான். தன் பங்கில் பாதியை என் தட்டில் ஊற்றிவிட்டு, "எனக்குப் பசிக்கலை கண்ணு, நீ குடி" என்பார். அன்று அவர் வெறும் எலும்பும் தோலும்தான்.

எஸ்டேட் லாரி ஓட்டிப் பழகி, எழுபதுகளின் கடைசியில் சேலம் - ஏற்காடு பஸ்ஸுக்கு டிரைவரானார். எனக்குத் திருமணம் முடித்த பிறகுதான் தான் மணந்துகொண்டார். நான் ஏற்காட்டில் பஸ் போய் நிற்கும் ஒண்டிக்கடைப் பகுதியில் குடியிருந்ததால் அவருக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். சிறுவயதில் அவர் எனக்காக விட்டுக்கொடுத்ததையெல்லாம் திருப்பித் தருவதாக நினைத்து, நெய்யும் இனிப்புமாகப் பரிமாறினேன். போதும் என்று அவர் கையால் மறித்தாலும் விடமாட்டேன். ஆண்டுக்கு ஆண்டு அவர் வயிறு முன்னே வந்தது. "டிரைவரு நொம்ப செழிப்பா இருக்காருங்க" என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

நாற்பதைத் தாண்டியபின் அடிக்கடி தாகம் எடுக்கிறது என்றார். படியேறினால் மூச்சு வாங்கியது. "மலைக் குளிருதான் கண்ணு, வேறென்ன" என்று அவரே சொல்லிவிட்டார். நாங்களும் நம்பினோம்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் நெருக்கியடித்த ஒரு காலையில், பாதி மலை ஏறியபோது அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. மூச்சு அடைத்தது. வளைவைக் கடந்து பஸ்ஸை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லி, எல்லோரையும் இறங்கச் சொன்னார்.

"ஏனுங்க டிரைவரே, கோயிலுக்கு நேரமாகுதுங்க!" என்று ஒருவர் சத்தம் போட்டிருக்கிறார்.

"மன்னிச்சுக்குங்க. எனக்கு மூச்சு பத்தலீங்க. இத்தனை உசுரை வெச்சுக்கிட்டு நான் மேல ஓட்ட மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் பஸ் படியிலேயே சாய்ந்துவிட்டார். கண்டக்டர் வழியில் வந்த ஜீப்பை நிறுத்தி அவரைச் சேலம் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்.

அங்கே ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம் என்றார்கள். பல வருடங்களாகவே இருந்திருக்குமாம். ரத்த அழுத்தமும் இருந்தது. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் அண்ணியையும் என்னையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்:

"வயித்துல தெரியிற கொழுப்பு வெளியில மட்டும் இல்லம்மா. இதயத்தைச் சுத்தியும் படிஞ்சிருக்கு. சர்க்கரையும் அழுத்தமும் சேர்ந்து இதயத் தசையை விறைக்க வெச்சிருச்சு. சுருங்குறது நல்லாத்தான் சுருங்குது. ஆனா தளர்ந்து விரிய மாட்டேங்குது. விரிஞ்சாத்தானே ரத்தம் நிறையும்? நிறையறதுக்கு இடமில்லாம பின்னால நுரையீரல்ல தேங்குது. அதுதான் மூச்சுத் திணறல்."

"நான் போட்ட சோறுங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் போட்ட சோறுன்னு சொல்ல முடியாதும்மா. பரம்பரை இருக்கும், உட்கார்ந்தே செய்யற வேலையும் இருக்கும். முன்னாடியே பார்த்திருந்தா கொஞ்சம் தடுத்திருக்கலாம்" என்றார். அந்தக் 'கொஞ்சம்' இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை.

உயிர் தப்பி வந்த அண்ணன், இனி மலைப்பாதையில் ஓட்ட மாட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, மறைத்திருந்தால் இன்னும் சில காலம் ஓட்டியிருக்கலாம். பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். பஸ் கிளம்பும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார் என்று கண்டக்டர் பிறகு சொன்னார். அண்ணி அளந்து கொடுத்ததை மட்டும் சாப்பிட்டு, காலையில் மெதுவாக நடந்து, ஊசியும் தவறாமல் போட்டு நான்கு வருடங்கள் இருந்தார்.

கடைசி மாதங்களில் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் காலைப் பிடித்துவிடும்போது அழுதுவிட்டேன்.

"என்னாலதானுங்கண்ணா."

"பைத்தியமே," என்று என் தலையில் கை வைத்தார். "பசிச்ச காலம் எனக்கும் ஞாபகம் இருக்குது கண்ணு. நீ போட்டப்ப நானும் ஆசையாத்தான் தின்னேன். உம்மேல எதையும் ஏத்திக்காத சாமி."

அடுத்த வாரம், மதியம் அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதற்குள் அடங்கிவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி, திட்டியவர்கள் உட்பட, அண்ணனுக்கு விசிறிய பயணிகளுக்கு நன்றி. கண்டக்டர் தம்பிக்கும், சேலம் டாக்டருக்கும், நான்கு வருடமும் அவரோடு உப்பில்லாமல் சாப்பிட்ட அண்ணிக்கும் நன்றி. உங்கள் வீட்டில் யாருக்காவது தாகமோ மேல்மூச்சோ இருந்தால், குளிர் என்று விட்டுவிடாமல் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நாகலூர் சரிவில், மழைச் சேற்றில், அண்ணனைத் தூக்கிப்போன பஸ் நிலையத் தம்பிகளுக்கும் நன்றி. நீர் கோத்த உடம்பு. ஆறு பேர் மாறி மாறித் தோள் கொடுத்தீர்கள், ஓரிடத்திலும் இறக்கி வைக்கவில்லை. மயானப் பாதை பிரியும் இடம்வரை பின்னால் வந்த நான், "நொம்ப கனமுங்களா?" என்று கேட்டேன். உங்களில் ஒருவர் திரும்பாமலே சொன்னீர்கள்: "இல்லீங்கக்கா. நீங்க ஊட்டுக்குப் போங்க. நாங்க பத்திரமாக் கொண்டுபோறோம்."