அடுத்த ஜூன் வரை வீட்டில்

ஜபல்பூரிலிருந்து ஆவடிக்கு நாங்கள் மாற்றலாகி வந்தபோது ஆகஸ்ட் பிறந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் கணவர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மாற்றல் உத்தரவு போடுகிறவர்கள் பள்ளிக்கூடம் திறக்கும் தேதியைப் பார்த்துப் போடுவதில்லை. குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி கிடைத்தது. மூட்டைகளைப் பிரிப்பதற்கு முன்பே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பிள்ளைகள் மூன்று பேர். பெரியவளுக்கு ஒன்பது வயது. அங்கே நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பையனுக்கு ஆறு, ஒன்றாம் வகுப்பு. சின்னவளுக்கு நாலு. மூவரும் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் நாங்கள் தமிழில் பேசுவோம், அவர்கள் இந்தியில் பதில் சொல்வார்கள். பல வருஷமாக அப்படியே நடந்ததில் யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

தலைமையாசிரியை ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பெரியவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, படங்களை எல்லாம் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுத்தே தெரியாதா?"

"இந்தி நல்லா எழுதுவா. கணக்கும் போடுவா."

"இங்க கணக்கும் தமிழ்லதானேம்மா. வேணும்னா பெரியவளையும் பையனையும் சேத்து ஒண்ணாங்கிளாஸ்ல போடறேன். மெதுவா மேல ஏறட்டும்."

ஒன்றாம் வகுப்பைப் போய்ப் பார்த்தோம். பெரியவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால் மோவாய்க்குப் பக்கத்தில் வந்தது. அடுத்து உட்கார்ந்திருந்த குழந்தை அவளை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றது. பெரியவள் என்னைப் பார்த்தாள்.

"அடுத்த ஜூன்ல வர்றோம்," என்றேன்.

"அதுவரைக்கும் வீட்ல வெச்சுகிட்டு என்ன பண்ணுவீங்க?"

"நானே சொல்லித் தரேன்."

"நீங்க டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. எஸ்.எஸ்.எல்.சி."

அவர் புத்தகத்தை அலமாரியில் வைத்தார். பிறகு, "ஜூன்ல நானே பரீட்சை வெப்பேன். எந்த கிளாஸுக்குத் தேறுதுங்களோ அதுல சேத்துக்கறேன்," என்றார்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "பண்ணு," என்றார். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது ஒரு பெரிய காகிதச் சுருளைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ஏதோ பல்சக்கரத்தின் படம், மறுபக்கம் வெள்ளை. தப்பாகப் போட்டதால் கழித்துவிட்டார்களாம்.

அந்த வெள்ளைப் பக்கத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வருஷத்தைக் கட்டம் கட்டினேன். மேலே மாதங்கள், கீழே கிழமைகள். ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்குக் கணக்கு, பத்தரைக்கு இடைவேளை, பிறகு பொது அறிவு, ஓவியம், கைவேலை. பெரியவளுக்குச் சிவப்பு மை, பையனுக்கு நீலம். சின்னவளுக்கு நிறம் ஒதுக்கவில்லை. நாலு வயது, விளையாடட்டும் என்று விட்டுவிட்டேன். கணவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு யோசனை சொன்னார்.

"ரிப்பேருக்கு ஒரு நாள் விடு."

"படிப்புல என்னங்க ரிப்பேர்?"

"எந்த பிளான்லயும் ஒரு நாள் விடணும்."

வியாழக்கிழமையை ரிப்பேர் நாளாக விட்டேன். முடியாமல் போன பாடத்தை அன்று முடித்துக்கொள்ளலாம்.

முதல் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. தண்ணீர் பிடித்து முடிக்கும்போது ஒன்பது நாற்பது. தமிழுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. 'அ' எழுதினோம். கணக்கு வேளையில் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் பெரியவள் சும்மா இருந்தாள், பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் பையன் பால்கனிக் கம்பிக்குள் தலையை விட்டுக்கொண்டான். சோப்பு தடவித்தான் தலையை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அதைக் கைவேலை என்று கணக்கில் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரத்துக்குள் எல்லாக் கிழமையும் வியாழக்கிழமை ஆகிவிட்டது.

பிறகு ஒருநாள் மத்தியானம் அட்டவணை முழுவதையும் பேனாவால் அடித்துவிட்டு, கீழே மூன்று வரி எழுதினேன். ஒரு பக்கம் படிக்க வேண்டும். ஒரு பக்கம் எழுத வேண்டும். பத்துக் கணக்கு போட வேண்டும். எந்த நேரத்தில் செய்தாலும் சரி, இருட்டுவதற்குள் செய்தால் போதும். மீதி நேரம் அவர்களுடையது. ஒரு வருஷத்துக்கு நான் போட்ட திட்டத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். அது நடந்தது.

பையன் ஒரு மாதத்தில் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டான். பெரியவள் பிடிக்கவில்லை. தெரியாமல் இல்லை, அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுதச் சொன்ன பக்கத்தை எழுதுவாள். பென்சிலை அழுத்துகிற அழுத்தத்தில் அடுத்த இரண்டு பக்கத்திலும் அச்சு விழும். வாயைத் திறந்து ஒரு தமிழ் வார்த்தை சொல்ல மாட்டாள். ஜபல்பூரில் ஒரு தோழிக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவாள். பதில் இரண்டு தடவை வந்தது. அப்புறம் வரவில்லை. அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

செப்டம்பர் கடைசியில், சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையின் மேல் ஓரத்தில் இந்தியில் ஒரு வரி எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து. எனக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. தலைப்பு எழுதியிருக்கிறாள், ஏதோ ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் அப்படியே விட்டேன். பால் ஊற்ற வந்த அம்மாவுக்குக்கூடக் காட்டினேன். ஒருநாள் கணவர் சட்டை மாற்றிக்கொண்டே அதைப் படித்தார்.

"இது பள்ளிக்கூடம் இல்லைன்னு எழுதியிருக்கா."

எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வாரமாக அதன் கீழே உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறேனே என்றுதான் இருந்தது. அவளைக் கூப்பிட்டு, "இதை எப்படிப் படிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடு," என்றேன். அவள் பயந்துபோய் அழிக்கப் போனாள். "அழிக்காத. உண்மைதானே. முதல் எழுத்து என்ன?" என்றேன். அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை ஏதாவது மாறுதலாக இருக்கட்டும் என்று மூவரையும் மின்சார ரயிலில் கூட்டிப்போனேன். ஆவடியில் ஏறி வில்லிவாக்கம் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. ஜன்னல் ஓரம் பெரியவள் உட்கார்ந்தாள். அண்ணனூரில் வண்டி நின்றது. எதிரே மஞ்சள் பலகை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருமுல்லைவாயிலில் எழுந்து நின்று பார்த்தாள். அம்பத்தூரில் என் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று பாஷையிலும் ஒரே ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது. இந்தியில் எழுதியிருப்பதை வைத்துத் தமிழைக் கண்டுபிடிக்கலாம். இத்தனை வருஷம் ரயில் ஏறி இறங்கியும் எனக்குத் தோன்றாத விஷயம்.

பட்டரவாக்கம் வருவதற்குள் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்தியில் ப வரிசைக்கு நாலு எழுத்து இருக்கிறது, தமிழில் ஒன்றுதான் இருக்கிறது, பாக்கி மூன்று எங்கே என்று இந்தியில் கேட்டாள்.

"இருக்கறதை வெச்சு சமாளிக்கறோம்," என்றேன்.

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. வில்லிவாக்கம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். பிறகு சனிக்கிழமைதோறும் போனோம். போகும்போது அவளுக்கு நான் ஆசிரியை, வரும்போது எனக்கு அவள். நான் இந்தி எழுத்தின் தலைக்கோட்டை மறந்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் பத்துத் தடவை எழுதச் சொல்வாள். எழுதுவேன்.

பேச்சு மட்டும் வரவில்லை. அது வந்தது பால்கார அம்மாவால்.

அண்ணனூர்ப் பக்கம் பழைய விவசாயக் குடும்பம் அவர்களுடையது. நிலத்தில் பாதி மனைகளாகிவிட்டது. மீதி நிலத்தையும் நாலு எருமையையும் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றினார். வந்த முதல் வாரமே விசாரித்துவிட்டார்.

"இன்னாமா, பசங்க ஊட்லயே கீதுங்க. இஸ்கோலுக்குப் போவலயா?"

"ஜூன்ல போவாங்க. அதுவரைக்கும் நான் சொல்லித் தரேன்."

"உனுக்கு எதுக்குமா இந்த வேல. எங்கூட அனுப்பு, எருமயாவது மேய்க்கட்டும்."

அப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் ஓர் இந்தித் தொடர் வரும். கீழ் வீட்டில் டிவி இருந்தது. கட்டடத்தில் பாதிப் பேர் அங்கேதான். எங்களைத் தவிர ஒருவருக்கும் இந்தி தெரியாது. அழுகையை வைத்தே கதையைப் புரிந்துகொண்டிருந்தார்கள். பால்கார அம்மாவும் கேனை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் அவர் என் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார்.

"யம்மா, பாப்பா, நீ அந்தூர்ல இருந்து வந்தவதானே. அவன் இன்னாத்துக்கு அழுவுறான்?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். அவளும் டிவியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா செத்துட்டா," என்றாள். ஜபல்பூரில் ஒன்பது வருஷமும் ஆவடியில் மூன்று மாதமும் கழிந்து அவள் வெளி ஆட்களிடம் பேசிய முதல் தமிழ் அதுதான்.

"எப்ப செத்தா? போன வாரம் நல்லாதானே இருந்தா?" என்றார் பால்கார அம்மா.

அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு அவளுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். பொங்கலுக்குள் அவள் இடையில் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். யாராவது குறுக்கே பேசினால், "சும்மா இரு, இன்னா சொல்றான்னு கேக்க வேணாமா," என்று அதட்டினாள். நான் அட்டவணையில் ஞாயிறு காலைக்கு எதிரே 'பெரியவள், பேச்சு' என்று எழுதினேன். என்ன பேச்சு என்று எழுதவில்லை.

பின்னக் கணக்கு எனக்கு வராது. அதைக் கணவர் ஏற்றுக்கொண்டார். இரும்பு அளவுகோலைத் தரையில் வைத்து, அரை, கால், அரைக்கால் என்று கோடுகளைக் காட்டினார். ஒரு மணி நேரத்தில் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பார். அவளுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது.

ஜூன் முதல் வாரம் மூன்று பேருக்கும் தலைவாரி அழைத்துப் போனேன். தலைமையாசிரியைக்கு எங்களை நினைவிருந்தது. முதலில் பையனிடம் ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். படித்தான். சின்னவளிடம் சிலேட்டைக் கொடுத்துத் தெரிந்ததை எழுது என்றார். அவளுக்கு நான் எதுவுமே சொல்லிக்கொடுத்ததில்லை. 'பட்டரவாக்கம்' என்று எழுதினாள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

பெரியவள் படித்தாள், எழுதினாள், பின்னக் கணக்கு போட்டாள். கடைசியாக, "உனக்குத் தெரிஞ்ச கதை ஒண்ணு சொல்லு," என்றார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு ஊட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. தம்பி கோச்சுகினு மிலிட்டிரிக்குப் பூட்டான். அவன் பொண்டாட்டி அழுதுகினே கீறா. அவன் லெட்டர் போட்டுகினுதான் கீறான். ஆனா எல்லாத்தையும் அண்ணன்காரன் ஒளிச்சு வெச்சுகினான்."

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"தெரியாது டீச்சர். வர்ற ஞாயித்துக்கெழமதான் சொல்வாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம்."

"பொண்ணு இங்கியே பொறந்தவ மாதிரி பேசறா."

"பால்கார அம்மாகிட்ட கத்துகிட்டா."

அவர் பதிவேட்டில் எழுதினார். பெரியவளுக்கு நான்காம் வகுப்பு, பையனுக்கு இரண்டு, சின்னவளுக்கு ஒன்று. பெரியவளுக்கு ஒரு வருஷம் போனது போனதுதான். வெளியே வந்ததும் அவளிடம் அதைச் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். நான்காம் வகுப்புப் பெஞ்சு உயரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருந்தது.

அவர்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் இரண்டு பையன்களோடு கதவைத் தட்டினாள். என்னைவிட வயதில் சின்னவள். கான்பூரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, வீட்டுக்காரருக்கு இதே தொழிற்சாலை என்றாள்.

"பள்ளிக்கூடத்துல உங்களைப் பாக்கச் சொன்னாங்கக்கா. ஜூன் வரைக்கும் நீங்க பாத்துப்பீங்கன்னு ஹெட்மிஸ்ட்ரஸ்தான் சொன்னாங்க."

அப்படி யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. பையன்களைப் பார்த்தேன். பெரியவனுக்கு எட்டு இருக்கும். சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"எவ்வளவு நாள்லக்கா தமிழ் வந்துடும்?"

"தெரியலம்மா. ஒவ்வொண்ணுக்கு ஒவ்வொரு மாதிரி."

அவள் தயங்கி நின்றாள். அவளுடைய சின்னப் பையன் அதற்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தான்.