காஜாக்காவின் பொறாமை

அவளுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் சட்டைக்குக் காஜா எடுத்து எடுத்தே எங்கள் தையல்கூடத்தில் காஜாக்கா ஆகிவிட்டாள். பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுவதுதான் காஜா. மிஷினிலேயே போடலாம், இவள் கையால்தான் போடுவாள். முதலாளி அவசரம் என்று கத்தினாலும் தலையைத் தூக்க மாட்டாள்.

ஜெபத்திலும் அதே பிடிவாதம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியுமுன் எழுந்து, வீட்டில் துணி மூட்டைகள் அடுக்கிய சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காய்ச்சலானாலும் சரி, வீட்டில் சண்டையானாலும் சரி. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆண்டவர் தன் பக்கத்தில் இருக்கிறார் என்று ஒரு தடவையாவது மனசுக்குத் தெரிய வேண்டும். தெரியவே இல்லை. சுவரோடு பேசுகிற மாதிரிதான் இருந்தது.

இந்த நிலையில்தான் கொழுந்தன் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். வந்த ஓரகத்தி அதுவரை சர்ச் வாசலை மிதிக்காதவள். ஞானஸ்நானம் எடுத்த ஈரம்கூடக் காயவில்லை, ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடினால் போதும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கண்ணீர் கொட்டியது. "இன்னைக்குக் காலையில ஆண்டவர் எங்கிட்ட பேசினார்" என்று சாட்சி சொல்வாள். நோயாளி வீடுகளுக்கு ஜெபம்பண்ண பாஸ்டரம்மா அவளைத்தான் கூட்டிப்போனார்கள். காஜாக்காவின் முறை வரும்போது "ஆண்டவர் நல்லவர்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஓரகத்தி செய்வதையெல்லாம் இவளும் செய்து பார்த்தாள். அவள் முழங்கால் போட்டால் இவளும் போட்டாள். முட்டி வீங்கியதுதான் மிச்சம். அவள் மடியில் கைக்குட்டையை விரித்தால் இவளும் விரித்தாள். கண்ணீருக்குப் பதிலாகக் கொட்டாவி வந்தது.

"கைக்குட்டை மடிப்புக்கூடக் கலையலடி" என்று பக்கத்து மிஷினில் இருந்த என்னிடம் பொருமினாள். நான் சிரிப்பை அடக்க நூலைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள் கூட்டத்தில் ஓரகத்தி, ஆண்டவர் தன்னை 'மகளே' என்று கூப்பிட்டதாகச் சொன்னாள். மறுநாள் காலை துணி அறையில் காஜாக்கா பொங்கிவிட்டாள்.

"நேத்து வந்தவள மகளேன்னு கூப்பிடறீங்க. நான் என்ன மாத்தாந்தாய் பிள்ளையா? இத்தன வருஷமா வந்து உக்காந்திருக்கேன், ஏன் வந்தேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? பேசலன்னா போங்க. நான் நாளைக்கும் வருவேன். என்ன பண்ணிடுவீங்க?"

சொன்னபடியே மறுநாளும் போனாள். அன்றிலிருந்து தினமும் சண்டைதான். முதலாளியின் கத்தல், புருஷனின் குறட்டை, ஓரகத்தியின் கைக்குட்டை, எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினாள். என்னைப் பற்றியும் கோள் சொன்னாளாம். நன்றாக இருக்கட்டும்! ஆண்டவரிடம் இப்படிச் சண்டை போடுவது பாவம் என்ற பயமும் அவளுக்கு இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

போன வாரம் அவள் துணி அறைக்குள் நுழையும்போது ஓரகத்தி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்க அறையிலேருந்து நீங்க பேசறதத் தினமும் கேக்கறேன்."

"ஒட்டுக் கேக்கறியா?"

"உங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா. கொஞ்ச நாளா எனக்கு அழுகையே வரல. அழுகை வரலன்னா அவர்கிட்ட சொல்ல எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. நீங்க எதிர்ல உக்காந்திருக்கிற ஆள்கிட்ட பேசற மாதிரி பேசறீங்க. நானும் வந்து கூட உக்காந்துக்கட்டுமா?"

காஜாக்காவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. சாட்சி இவளுக்கு, பாஸ்டரம்மா இவளுக்கு, கடைசியில் இந்த அறையும் வேண்டுமாமா?

"அதெல்லாம் முடியாது. கூட்டத்துல எல்லாரும் உன் பக்கம்தான். இந்தக் கொஞ்ச நேரத்தையாவது விட்டுவையேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல யாரும் வரக்கூடாது!"

சொன்ன பிறகுதான் அந்த 'ரெண்டு பேர்' அவள் காதிலேயே விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். அறையில் துணி மூட்டைகளைத் தவிர ஒன்றும் இல்லை. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாளாம்.

"அழுதியா?" என்று கேட்டேன்.

"எங்க அழறது? அவ முன்னாலயா?"

"அப்புறம்?"

காஜாக்கா ஊசியில் நூலைக் கோத்தாள்.

"உள்ள வான்னு கூப்பிட்டேன். ஆனா கண்டிப்பா சொல்லிட்டேன், முதல்ல நான்தான் பேசுவேன்னு."