சித்தப்பாவின் இரண்டு பேட்டரிகள்

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே எங்கள் சித்தப்பாவின் லாரிக்கு வந்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் மின்சாரத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கோபுரத்துக்கு விளக்கு உண்டு, காபி கிளப்புக்கு உண்டு, எதிர்வீட்டுக் கிணற்றடிக்குக்கூட உண்டு. எங்கள் வாடகை வீட்டுக்கு மட்டும் இல்லை. இணைப்பு கேட்டு விண்ணப்பித்தால் வீட்டுக்காரரின் சம்மதம் எங்கே என்பார்கள் மின்சார ஆபீசில். சம்மதம் கேட்டால், முதலில் இணைப்பு தருவதாக அவர்கள் சொல்லட்டும் என்பார் வீட்டுக்காரர். இந்த வட்டத்தில் பெரியப்பா பல காலமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அவருக்கு அது வட்டமாகவே தெரியவில்லை. நடைமுறையாகத் தெரிந்தது.

சித்தப்பா யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை. மண்ணச்சநல்லூர் ஆலைகளில் அரிசி ஏற்றிக்கொண்டு பெங்களூர், கொச்சி என்று போகும் லாரியை அவர் ஓட்டினார். மாதத்தின் பெரும்பகுதி அவருக்கு வீடு அந்த லாரியின் கேபின்தான். சவரம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்ளே. அந்த இடத்துக்குள் அவர் செய்திருந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

லாரியைக் கிளப்ப ஒரு பேட்டரி. அது எல்லா லாரியிலும் உண்டு. சீட்டுக்குப் பின்னால் மரப்பெட்டியில் இன்னொரு பேட்டரி இருந்தது. அது சித்தப்பா குடித்தனம் நடத்த. லாரி ஓடும்போது இரண்டுக்கும் சார்ஜ் ஏறும். நின்றதும் ஒரு கைப்பிடியைக் கீழே தள்ளிவிட வேண்டும். பிறகு விளக்கும் விசிறியும் பெட்டிக்குள் இருப்பதிலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளும். கைப்பிடி மேலேயே இருந்துவிட்டால் இன்ஜின் பேட்டரி வடிந்துபோய், காலையில் லாரி கிளம்பாது. விசிறி என்பது யாரோ கழற்றிப் போட்ட வைப்பர் மோட்டார். அதற்குத் தகரத்தில் இறக்கை வெட்டி மாட்டியிருந்தார். காற்றைவிடச் சத்தம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஓடுவதற்கு வேறு, வாழ்வதற்கு வேறு என்று பிரித்து வைக்கத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

ஊருக்கு வந்தால் லாரியை வீட்டு வாசலில் நிறுத்தமாட்டார். கொள்ளிடக் கரைச் சரிவில்தான் நிறுத்துவார்.

"இன்ஜின் பேட்டரி கிழடு தட்டிப்போச்சுண்ணே. செல்ஃப் எடுக்காது. இறக்கத்துல நிப்பாட்டினாத்தான் உருட்டிக் கிளப்ப முடியும்" என்பார் பெரியப்பாவிடம். வண்டியைத் தனியே விட முடியாது என்பதால் படுக்கையும் அங்கேயே.

அந்த வருஷம் தை மாதத்தில்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்திக்கு மணப்பாறைப் பக்கம். எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஓர் உள்ளறை. கூடத்தில் ஆண்கள் படுப்பார்கள், உள்ளறையில் பெண்களும் குழந்தைகளும். பெரியப்பா எதிரில் சித்தி வாயே திறக்கமாட்டாள். ஆனால் சித்தப்பா வந்த நாட்களில், விளக்கு வைக்கும் நேரத்துக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கரைக்குக் கிளம்பிவிடுவாள். புதுப்பெண் தனியாகப் போகக் கூடாது என்று துணைக்கு என்னை அனுப்புவார்கள்.

எனக்கு எட்டு வயது. விசிறிக்கு நேராக உட்கார்ந்து கொஞ்ச நேரம் ரிப்பன் பறக்க விடுவேன். பிறகு சித்தப்பா ஒரு பெப்பர்மின்ட் தருவார்.

"பாப்பா, டயருக்கு அண்டக் கல்லு வச்சிருக்கேன். அது நகராம பாத்துக்க. நகந்துச்சுன்னா வண்டி ஆத்துக்குள்ள போயிரும்."

நான் இறங்கிப் போய்க் கல்லைக் காவல் காப்பேன். மேலே கோணித்திரை இறங்கும். அதற்குள்ளிருந்து சித்தியின் சிரிப்பு கேட்கும். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. விசிறிக் காற்று கிச்சுகிச்சு மூட்டுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஏற்பாட்டில் பெரியம்மாவுக்கு உடன்பாடில்லை. "பொண்டாட்டிய இங்க விட்டுட்டு லாரியோட குடும்பம் நடத்துறான். தெருவுல என்னைத்தான் கேக்குறாங்க" என்று பெரியப்பாவைக் குடைந்தாள். பெரியப்பா நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் நடவடிக்கை எடுத்துவிடுவார்கள். ஒருநாள் திருச்சிக்குப் போய் லாரி முதலாளியைப் பார்த்து, டிரைவரின் சிரமங்களை வரிசையாக எடுத்துச் சொல்லி, இன்ஜினுக்குப் புது பேட்டரிக்கு உத்தரவு வாங்கிவிட்டார். அடுத்த முறை வந்தபோது சித்தப்பாவுக்குச் சொல்லக் காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை. லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. பெரியம்மா அதற்குத் திருஷ்டி சுற்றினாள்.

சித்தி மட்டும் உம்மென்று இருந்தாள்.

"சித்தப்பா இனிமே வீட்டுலயே தூங்குவாருல்ல சித்தி?"

"ஆமா. கூடத்துல. உங்க பெரியப்பாவுக்கும் உங்க அப்பாவுக்கும் நடுவுல" என்றாள்.

சாயங்காலம், கேபினைக் கூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, துடைப்பத்தோடு என்னையும் அழைத்துக்கொண்டு ஏறினாள். கூட்டி முடித்ததும் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது மேல இருக்கணுமா, கீழயாடி?"

"கீழ சித்தி. மேல இருந்தா காலையில வண்டி கெளம்பாது."

"ஓ" என்றவள் அதை மேலே தள்ளினாள். விளக்கைப் போட்டாள், விசிறியைப் போட்டாள், கோணித்திரையை இழுத்துவிட்டு இறங்கினாள்.

"சித்தி, ஃபேன் ஓடுதே!"

"வாடி, உலை கொதிக்குது."

மணப்பாறைப் பக்கம் மேல், கீழ் எல்லாம் வேறு மாதிரி போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு பெரியப்பாவின் குறட்டையில் விசிறிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் லாரி ஒருமுறை முனகியது. அப்புறம் அதுவும் இல்லை. கேபினுக்குள் சித்தப்பா கைப்பிடியைப் பார்ப்பதும், பிறகு காபி டம்ளரோடு வாசலில் நிற்கும் சித்தியைப் பார்ப்பதும் எனக்குத் தெரிந்தது. அவர் அதைக் கீழே தள்ளினார்.

"என்னடா?" என்றார் பெரியப்பா.

"புதுசும் சரியில்லண்ணே."

காலி லாரியைக் கரை வரைக்கும் தள்ள வேண்டியதாயிற்று. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னின்றார். அக்கம்பக்கத்து ஆண்களெல்லாம் கை கொடுத்தார்கள்.

"ஓய், நேத்திக்குத்தானே புதுசுன்னீர்?" என்று எதிர்வீட்டு ஐயங்கார் மாமா மூச்சு வாங்கினார்.

பெரியப்பா அத்தோடு விடுபவர் இல்லை. லாரி சரிவில் உருண்டு புகை கக்கிப் போனதும், விசாரணையைத் தொடங்கினார். "நேத்து சாயங்காலத்துக்கு மேல வண்டிக்குள்ள ஏறினது யாரு?"

சித்தியின் விரல்கள் என் தோளை இறுகப் பிடித்தன.

"நான்தான் பெரியப்பா. கேபினைக் கூட்டிட்டு வந்தேன். எதையும் தொடல" என்றேன்.

"சரி, அப்ப பேட்டரிதான் மோசம். கம்பெனிக்கு ஒரு புகார் எழுதணும். பதில் வர்ற வரைக்கும் அவன் கரையிலயே நிப்பாட்டிக்கட்டும்" என்று தீர்ப்பளித்துவிட்டு அவர் ஆபீசுக்குக் கிளம்பினார்.

அந்தப் புகார் எங்கே போயிற்றோ, பதில் வரவே இல்லை.

அன்று சித்தியைச் சமையலறையில் தனியாகப் பிடித்து, கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று மறுபடி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவ்வளவு சொல்லியும் சிரிக்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. சித்தப்பா மாதிரி ஒரு கெட்டிக்காரருக்கு இப்படி ஒரு மறதிக்காரி வாய்த்தாளே, இவளை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளப்போகிறாரோ என்று வெகுநாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.