அம்புக்குறி மட்டும் மிஞ்சிய பலகை

என் மருமகளுக்கு நான் வைத்த பட்டப்பெயர் ‘ஏன் எதுக்கு’. கல்யாணமாகி வந்த புதிதில், நான் தையல் மெஷினில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, “அத்தை, இந்தக் குழாய்த் தண்ணியில மட்டும் சோப்பு ஏன் நுரைக்க மாட்டேங்குது?” என்று கேட்டவள். “துணி துவைக்கிறியா, துப்பறியிறியா?” என்று எரிந்து விழுந்தேன். சிரித்தாளே தவிர, கேள்வியை விடவில்லை.

வேதியியல் படித்தவள். பள்ளி பள்ளியாகத் தற்காலிக வேலையில் அல்லாடியவளை, நிரந்தர வேலைக்கு மாதிரிப் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமையாசிரியை பின்வரிசையில் இருந்து பார்ப்பாராம். பிடித்தால் வேலை, இல்லையென்றால் பழைய அல்லாட்டம்தான். பாடம், பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகர அயனிச் சமன்பாடு.

வீட்டு ஒத்திகைக்கு நான்தான் வகுப்பு. ஒரு குடுவையில் கரைத்த வாஷிங் சோடா, இன்னொன்றில் கால்சியம் குளோரைடு. பார்க்க இரண்டும் வெறும் தண்ணீர். ஒன்றாக ஊற்றினாள். அடேயப்பா, பாலாக வெளுத்துவிட்டது!

“கரைஞ்சதெல்லாம் தனித்தனியா பிரிஞ்சு அயனியா திரியும் அத்தை. கால்சியமும் கார்பனேட்டும் மட்டும் சேர்ந்து வெள்ளையா படிஞ்சிடும். சோடியமும் குளோரைடும் தெருச்சண்டையில நிக்கிற கூட்டம் மாதிரி, சும்மா வேடிக்கை பாக்கும். எழுதினதுல அம்புக்குறிக்கு ரெண்டு பக்கமும் அதுங்களை அடிச்சிட்டா மிச்சம்தான் சமன்பாடு. எண்ணிக்கையும் சரியா இருக்கணும், மின்சுமையும் சரியா இருக்கணும்.”

“துணியில ரெண்டு கை வெட்டினா ரெண்டும் சட்டையில இருக்கணும். இதுக்கு ஒரு பட்டமா?” என்றேன். ஆனாலும் குடுவையை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பாடம் எடுத்துவிட்டு மாலையில் வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. பதற்றத்தில், கரையாத அந்த வெள்ளைப் படிவையும் அயனிகளாகப் பிரித்து எழுதிவிட்டாளாம். இரண்டு பக்கமும் ஒரே ஆட்கள். எல்லாவற்றையும் அடித்து முடித்தால், பலகையில் அம்புக்குறி மட்டும் நிற்கிறது! வகுப்பே கொல்லென்று சிரித்திருக்கிறது.

“அய்யய்யோ, அப்புறம்?”

“குடுவையைத் தூக்கிக் காட்டினேன். ‘பலகை ஒண்ணுமே நடக்கலைங்குது. இதுல வெள்ளையா என்னமோ இருக்கு. ரெண்டுல எது பொய் சொல்லுது?’ன்னு கேட்டேன். பசங்க எழுந்து வந்து குடுவையைச் சுத்தி நின்னுட்டாங்க. கரையாததை ஏன் பிரிச்சீங்கன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்துட்டாங்க.”

“பலே! பிறகென்ன அழுகை?”

“தலைமையாசிரியை கூப்பிட்டு, ‘வேணும்னேதானே தப்பா எழுதினீங்க? நல்ல உத்தி’ன்னாங்க. ‘இல்ல மேடம், பயத்துல எழுதிட்டேன்’னு சொல்லிட்டேன்.”

எனக்கு வந்ததே கோபம்! “அடிப்பாவி! கைக்கு வந்ததை இப்படித் தட்டி விட்டுட்டியே! ஆமான்னு சொன்னா வாயிலருந்து முத்தா உதிர்ந்திடும்?”

“பசங்ககிட்ட எது பொய்யின்னு கேட்டுட்டு, நானே எப்படி அத்தை பொய் சொல்றது?”

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அன்றைக்கு இரண்டு பேருக்குமே சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரம் என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். தலைமையாசிரியை.

“திங்கட்கிழமை வேலையில சேர்ந்துடுங்கம்மா. அடுத்த பிரிவுக்கும் அதே பாடம்தான். அந்தத் தப்பை, இந்தத் தடவை வேணும்னே எழுதுங்க.”