பேய் சாட்சி சொல்லும் நேரம்

தாம்பரத்தில் ஒரு பழைய தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் அவர். ஐம்பது வயதிருக்கும். எந்த வெயிலிலும் காக்கிச் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டிருப்பார். படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளிவாசல் கதவுகளைத் திறந்துவைப்பதும் அவர் வேலைதான்.

அன்று நான் போனது மதியக் காட்சிக்கு. படத்தில், காதலியைக் கொன்றதாக ஒருவனைப் பிடித்துத் தூக்கு வரைக்கும் கொண்டுபோகிறார்கள். கடைசியில் செத்தவளே கரும்புகையாகக் கோர்ட்டுக்குள் வந்து, கொன்றது யாரென்று சொல்கிறாள். அவள் வாய் திறந்த நேரத்தில் இவர் கதவைத் திறந்தார். திரையில் வெயில் அடித்து, பேய் வெளுத்துப்போனது. "யோவ், கதவ மூடுய்யா" என்று நாலு பேர் கத்தினார்கள். அவர் மூடவில்லை.

மறுவாரம் நண்பர் ஒருவருக்குத் துணையாக அதே படத்துக்குப் போனேன். அதே இடத்தில் அதே வெயில்.

வெளியே வரும்போது அவரிடம் கேட்டேன். "இன்னும் பத்து நிமிஷம் படம் இருக்கறப்பவே ஏங்க கதவத் திறக்கறீங்க?"

அவர் கோபப்படவில்லை. "அந்தப் பையன் கொல பண்ணலன்னு நீங்க எப்ப சார் நம்புனீங்க?"

யோசித்தேன். "பேய் வந்து சொன்னப்புறம்தான்."

"அவன் மொதல்லேந்து அதத்தான சார் சொல்லிகினு கீறான்," என்றார். "எல்லாரும் உங்கள மாரிதான்."

அந்த எல்லாரும் யார் என்று நான் கேட்பதற்குள் அடுத்த காட்சிக்குக் கதவைச் சாத்தப் போய்விட்டார்.

சேலையூர் பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 'நான் பண்ணல' என்று அந்தப் பையன் ஏழு தடவை சொல்கிறான்.