விட்டுவிட்டு வந்தால் சேர்ப்போம்

அந்தக் காலத்தில் எங்கள் கோவில்பட்டியில் குடிகாரர்களே கிடையாது. சர்க்கார் மதுவிலக்குப் போட்டுவிட்டது, அதனால் ஒருவரும் குடிக்கவில்லை. பொழுதடையும் நேரத்தில் உடைமரக் காட்டுக்குள் போன ஆண்கள் எல்லாரும் காற்று வாங்கப் போனவர்கள். திரும்பும்போது தள்ளாடினால் அதற்கும் காரணம் உண்டு. கரிசல் மண், கால் வழுக்கும். மழையே பெய்யாத சித்திரையில்கூட வழுக்கியது, என்ன செய்ய.

என் வீட்டுக்காரரும் அப்படிக் காற்று வாங்கியவர்தான். ஜின்னிங் பாக்டரியில், பருத்தியையும் கொட்டையையும் பிரிக்கிற மெஷினில் வேலை. சைக்கிள் டியூபில் வருகிற சாராயம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தப்ப முடியும்? கூட வேலை பார்த்தவருக்கு இரண்டு விரல் போய்விட்டது. அன்றைக்கு இவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"விடணும்னுதான் பாக்கேன். ஒத்தையில முடியல. கூட ஒருத்தன் இருந்தா விட்டுருவேன்" என்றார்.

குடிக்கக் கூட்டாளி தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குடிக்காமல் இருக்கக் கூட்டாளி கேட்ட மனுஷனை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாளே தேடக் கிளம்பினேன்.

ஜவுளிக்கடை மாடியில் மதுவிலக்கு சபை என்று ஒன்று இருந்தது. அதன் செயலாளர் கதர்ச் சட்டை போட்ட பெரிய மனுஷர். பல்வலி என்று வாயில் எப்போதும் கிராம்பு அடக்கியிருப்பார்.

"எங்க வீட்டுக்காரவுக குடிய விடணும்னு நெனைக்காக, அண்ணாச்சி. சபையில சேத்துக்கிடுங்க" என்றேன்.

"இன்னும் குடிக்காரா?"

"ஆமா. அதுக்குத்தான வந்திருக்கேன்."

"அப்படிப்பட்டவருக்கு இங்கன எடமில்லம்மா. விட்டுட்டு வரச் சொல்லுங்க, சேத்துக்கிடுதோம். நம்ம ஊர்ல குடிகாரனே இல்லன்னு போன கூட்டத்துலதான் பேசியிருக்கேன்."

நீச்சல் படித்துவிட்டு வா, அப்புறம் கிணற்றில் இறக்குகிறேன் என்கிற கதை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "விட்டுட்டாக அண்ணாச்சி, இன்னைக்குக் காலைலதான்" என்று புளுகினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளத்தில் கூட்டமாம். திருந்தியவர் என்று மேடையில் நிறுத்த ஆள் தேவையாம்.

"நீங்களும் வாங்க. பக்கத்துல நின்னு கொஞ்சம் அழுங்க. சனங்க மனசுல தைக்கும்."

போனோம். இவருக்கு மாலை போட்டார்கள். குடியால் கெட்ட கதையை இவர் தேம்பித் தேம்பிச் சொல்ல, கூட்டம் கண்ணைத் துடைத்தது. எனக்கு அழுகை வரவில்லை, வாடைதான் வந்தது. பேசப் பயமாக இருக்கிறது என்று மேடைக்குப் பின்னால் போய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் மகராசன். அடுத்துப் பேசிய திருந்தியவர் எங்கள் ஊர் மிளகாய் மண்டியில் மூடை தூக்குகிறவர். அவரிடமும் அதே வாடை. கைதட்டு என்றால் அப்படி ஒரு கைதட்டு.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பிடித்துக்கொண்டேன். "ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல? இதுல மாலை வேற. அத ஒரு எருமைக்குப் போட்டிருந்தா தின்னாவது தீத்திருக்கும்."

மூடை தூக்குகிறவர்தான் முதலில், "நான் விடல மதினி" என்றார். "நானுந்தான்" என்றார் இவர். மேடையில் வராத நிஜம் பஸ் நிற்கிற இடத்தில் வந்தது.

"பொழுதடையிற நேரந்தான் ஆகாது. அந்த நேரத்துக்கு என்னைய எங்கயாவது உக்கார வைங்க" என்றார் மூடை தூக்குகிறவர்.

என் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தேன். ஆலைச் சங்கு ஊதியதும் இருவரும் வந்துவிட வேண்டும். சுக்குக் காப்பியும் கடலை மிட்டாயும் என் பொறுப்பு. குடித்திருந்தால் குடித்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். விரட்ட மாட்டேன், ஆனால் வைவேன். என்னிடம் வசவு வாங்கவும் ஆள் கூடத்தான் செய்தது. இடையில் இவரே சில நாள் வழுக்கினார், வாங்கிக் கட்டிக்கொண்டார், மறுநாளும் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் காப்பித் தம்ளரைப் பிடித்த மனுஷன், அடுத்த பருத்தி வெடித்தபோது ஒரு கையால் பிடித்தார். எனக்கு அது போதும்.

சபைக்காரர்கள் மறுபடியும் கூப்பிட்டார்கள். இவர் மேடையேறி, "போன தடவ பேசும்போது குடிச்சிருந்தேன். இப்பக் குடிக்கல. இன்னைக்கும் ஆசை வந்துச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஒருவர்கூட அழவில்லை.

செயலாளருக்குக் கோபம். "இப்படிப் பேசுனா யாருக்குய்யா மனசு உருகும்? நல்லாப் பேசிக்கிட்டிருந்த ஆளு, கெட்டுப்போயிட்டீரே" என்றார். மாலையும் கிடையாது.

சில வாரம் கழித்து, சங்கு ஊதிய நேரத்தில், எங்கள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். கதர்ச் சட்டை. வாயில் கிராம்பு இல்லை, அதனால் இத்தனை நாள் கிராம்பு மறைத்து வைத்திருந்த வாடை எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"இங்கன... விட்டுட்டு வந்தாத்தான் சேப்பீங்களா?"

என் நாக்கு அரித்த அரிப்பு எனக்குத்தான் தெரியும். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார்.

"இங்கன குடிகாரவுகளுக்கு மட்டுந்தான் எடம், அண்ணாச்சி. உக்காருங்க" என்றேன்.

காப்பி கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.